மறு: மறு: கலோரிக் குறைப்பா, ஊண்சுருக்கமா? (வெள்ளிக்குள் வேண்டும்)

நண்பர்களே, விலங்கியல் பாடத்தில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். 1935இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே கலோரியை மட்டும் குறைத்து, வைட்டமினும் தாது உப்பும் குறையாமல் எலிகளை வளர்த்தாரே, அதற்குப் பழைய வரைவில் 'பட்டினி போட்டார்' என்றிருக்கிறது. சத்து குறையாதபோது அது எப்படிப் பட்டினி? 'உணவுக் கட்டுப்பாடு' என்று சொன்னால் வகுப்பில் எல்லாருக்கும் சர்க்கரை நோய்தான் ஞாபகம் வருகிறது. வெள்ளிக்கிழமை கோப்பு அச்சுக்குப் போகிறது.

---

தம்பி, சொல் நம்மிடமே இருக்கிறது. 'மாறுபாடு இல்லாத உண்டி மறுத்துண்ணின்', குறள் 945. ஆகவே 'மறுத்தூண்'. வேண்டுமட்டும் தின்னும் எலிக்கும் அடுத்த குறளிலேயே 'கழிபேர் இரையான்' காத்திருக்கிறான். கழி என்றால் மிகுதி, நன்னூலில் சால, உறு, தவ, நனியோடு வருவது. உப்பங்கழியில் இருப்பதும் இதே கழிதானோ என்று எனக்கு நெடுநாள் ஐயம்...

---

ஐயா, உப்பங்கழியை அடுத்த வாரம் பார்ப்போம். 'மறுத்தூண்' என்றால் எலியே தட்டைத் தள்ளிவிட்ட மாதிரி இருக்கிறது. குறளில் மறுப்பவனும் உண்பவனும் ஒருவன், ஆய்வகத்தில் மறுப்பது ஆய்வாளர், பசியோடு உட்கார்ந்திருப்பது எலி. என் ஓட்டு 'ஊண்சுருக்க'த்துக்கு.

---

அக்கா, பையன்கள் அதை 'ஊன்சுருக்கம்' என்று எழுதுவார்கள், சதை சுருங்கிவிடும்! அதைவிடப் பெரிய சிக்கல், குறைப்பு என்றால் எதிலிருந்து குறைப்பு? ரீசஸ் குரங்குகளுக்குக் கலோரியைக் குறைத்துப் பார்த்த விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு 2009இல் பலன் உண்டு என்றது, அமெரிக்க தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் 2012இல் ஆயுள் கூடவில்லை என்றது. விஸ்கான்சினில் ஒப்பீட்டுக் குரங்குகள், அதாவது கலோரி குறைக்கப்படாதவை, சர்க்கரை மிகுந்த தீனியை விருப்பப்படி தின்றன, மற்ற இடத்தில் அவற்றுக்கும் அளந்துதான் போட்டார்கள். ஒரே சொல்லில் இரண்டையும் எழுதினால் மாணவனுக்கு வித்தியாசமே தெரியாது. அதனால் முதலில் தேவை அந்த ஒப்பீட்டுத் தீனிக்குத்தான் பெயர். 'கழிபேர் இரை' வேண்டாம், அதில் திட்டு இருக்கிறது. 'விருப்பளவு உணவு', 'அளந்த உணவு' போதாதா?

---

போதும். மணி பதினொன்றரை. 'கலோரிக் குறைப்பு', 'விருப்பளவு உணவு' என்று போட்டு அனுப்பிவிட்டேன். நாலு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் பதிலே போடவில்லை, அதையும் சரி என்றே எடுத்துக்கொண்டேன்.

---

தம்பி, அனுப்பியது அனுப்பியதாக இருக்கட்டும். ஆனால் கலோரி எந்த ஊர்த் தமிழ்? 'எரிமம்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறேன், புது இழையில் எழுதுகிறேன்.