ஓக்லஹோமாவில் மே மாதம்: இடிபுயல் அபாயத்தை எவ்வளவு முன்னதாக அறிய முடியும்?

கேள்வி (எட்மண்டுக்குப் புதியவர்)

வணக்கம். ஓக்லஹோமா நகரத்துக்கு வடக்கே எட்மண்டில் சென்ற ஆகஸ்டில் குடியேறினோம். என் பெற்றோர் ஏப்ரல் இறுதியில் வந்து இரண்டு மாதம் தங்குவதாக ஏற்பாடு. அலுவலகத்தில் சொன்னால், "மே மாதத்திலா வரச் சொன்னீர்கள்?" என்று கேட்கிறார்கள். லா நினா ஆண்டுகளில் (பசிபிக் கடலின் நடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தைவிடக் குளிரும் ஆண்டுகள்) அமெரிக்காவின் நடுச் சமவெளியில் டொர்னேடோக்கள், அதாவது தரையைத் தொடும் சுழல்காற்றுகள், கூடும் என்றும் படித்தேன். வசந்தகால முன்னறிவிப்பைப் பார்த்துப் பயணத்தைத் தள்ளிவைக்கலாமா? எங்களுடையது மேல்தளத்து வீடு, நிலவறை கிடையாது.

பதில் 1 (விச்சிட்டா, 14 ஆண்டுகளாக)

அதை நம்பிப் பயணச்சீட்டை மாற்றாதீர்கள். பருவகால முன்னறிவிப்பு, மூன்று மாத வெப்பமும் மழையும் வழக்கத்தைவிடக் கூடுமா குறையுமா என்பதை மட்டுமே சொல்லும். லா நினா வசந்தத்தில் தெற்குச் சமவெளியில் ஆலங்கட்டியும் டொர்னேடோவும் சற்றுக் கூடும், அதே கடல் சூடாகும் எல் நினோவில் குறையும் என்பது பொதுவான போக்குதான். அமைதியான ஆண்டிலும் ஓர் ஊருக்கு ஒரே ஒரு மாலை போதும். இங்கே கான்சாஸில், 2007 மே 4 அன்று இரவு வந்த ஒரே டொர்னேடோ கிரீன்ஸ்பர்க் ஊரில் ஏறக்குறைய 95 விழுக்காட்டை அழித்துவிட்டது.

ஓக்லஹோமாவின் நார்மனில் உள்ள புயல் முன்கணிப்பு மையம் எட்டு நாள் வரைக்கும் இடிபுயல் அபாய வரைபடம் வெளியிடுகிறது. முதல் மூன்று நாள்களுக்குத்தான் ஐந்து அபாயப் படிநிலைகள் உண்டு. நான் அவற்றையே பார்ப்பேன். அதில் "டொர்னேடோ 10 விழுக்காடு" என்றிருந்தால், ஓர் இடத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவுக்குள் ஒன்று உருவாகும் வாய்ப்பு அவ்வளவு என்று பொருள். உங்கள் கூரைக்கு 10 விழுக்காடு ஆபத்து என்பதல்ல.

பதில் 2 (நார்மன், வானிலையியல் மாணவர்)

நம் ஊரில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் நாள்கணக்கில் அதன் பாதையைப் பின்தொடரலாம். இங்கே பிற்பகல் மூன்று மணிவரை வானத்தில் எதுவுமே இராது. மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று தெற்கிலிருந்து ஏறிவரும். கொடியில் போட்ட துணி மாலைவரை காயாது. மேற்கே, டெக்சாஸின் வடக்கு நீட்சிப் பகுதியில் (பான்ஹேண்டில்), உதடு வெடிக்கும் அளவுக்கு வறண்ட காற்று நிற்கும். இரண்டும் சந்திக்கும் வறள்கோட்டில்தான் பெரும்பாலும் மேகம் எழும்பும். ஆனால் மெக்சிகோ மேட்டுநிலத்திலிருந்து வரும் வெப்பக்காற்று இடையில் ஒரு மூடிபோல் அமர்ந்து அதைத் தடுக்கும். மூடி வலுவாக இருந்தால் அன்று ஒன்றும் நடக்காது; தாமதமாகத் திறந்தால், அதுவரை தேங்கிய ஆற்றலெல்லாம் ஓரிரு இடிமேகங்களுக்கே போய்ச் சேரும். உயரம் கூடக்கூடக் காற்றின் திசையும் வேகமும் மாறினால் அந்த மேகமே சுழலத் தொடங்கும்.

இவற்றில் ஒன்று பிசகினாலும் கணக்கு மாறிவிடும். 2019 மே 20 அன்று மிக உயர்ந்த படிநிலை அறிவித்து, ஓக்லஹோமா நகரப் பள்ளிகளையும் மூடினார்கள். அஞ்சிய பேரழிவு நகரத்துக்கு நேரவில்லை. அதைக் காட்டி முன்னறிவிப்பைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே மே 20 அன்றுதான், 2013இல், மூர் நகரில் டொர்னேடோவால் 24 பேர் இறந்தார்கள்.

பதில் 3 (ஓக்லஹோமா நகரம்)

சனிக்கிழமை நண்பகலில் டொர்னேடோ எச்சரிக்கைச் சங்கு ஒலிப்பது சோதனைக்காக என்பதைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். என் மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடினார்.

"வாட்ச்" வந்தால், பல மாவட்டங்களில் சில மணி நேரத்துக்குச் சூழல் சாதகமாக இருக்கிறது என்று பொருள். மருந்து, கைபேசி, மூடிய காலணி ஆகியவற்றை எடுத்துவையுங்கள். "வார்னிங்" என்றால் ரேடாரிலோ நேரிலோ சுழற்சியைக் கண்டுவிட்டார்கள். உடனே கீழ்த்தளத்தில், சன்னலில்லாத உள்ளறைக்குப் போய்விட வேண்டும். எனவே கீழ்வீட்டுக்காரரிடம் இப்போதே பேசிவையுங்கள். காரில் தப்பியோட நினைக்காதீர்கள்: 2013 மே 31 அன்று, எல் ரினோ டொர்னேடோவின்போது பலரும் அப்படிக் கிளம்பியதால் சாலைகளே அடைபட்டன. பாலத்தடியும் வேண்டாம்; 1999 மே 3 அன்று வந்த டொர்னேடோவில் அங்கே ஒதுங்கியவர்களிலும் சிலர் இறந்தார்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பயணச்சீட்டை மாற்றவில்லை. கீழ்வீட்டுக்காரர் தம் குளியலறையையே காட்டி, நள்ளிரவானாலும் கதவைத் தட்டச் சொன்னார். அவர் வீட்டில் பெரிய நாய் ஒன்று இருப்பதை மட்டும் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.