இரண்டு இன்ச் பஞ்ச், இரண்டு இன்ச் ஓட்டை போடாது

டெக்சாஸ்வாசி:

போன வருஷம் பழைய ஆர்.வி. ஒன்று வாங்கினோம். படுக்கை, அடுப்பு, இரண்டு ஏசி எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. வீட்டில் நிறுத்தியிருக்கும்போதும் ஏசி ஓட வேண்டுமென்றால் 50 ஆம்ப் இணைப்பு வேண்டும். இங்கே 14-50 என்று கேட்டால் கொடுக்கும் நாலு முள் சாக்கெட். பிரேக்கர், ஒயர் வேலையெல்லாம் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் பொறுப்பு. "பெட்டியின் முன் தகட்டில் சாக்கெட்டுக்கு ஓட்டை மட்டும் நீங்களே போட்டு வையுங்கள், கூலி மிச்சம்" என்றார். அங்கேதான் சனி பிடித்தது.

சாக்கெட்டின் முகம் வட்டம். அதற்கு 2⅛ இன்ச் ஓட்டை வேண்டும், 54 மில்லிமீட்டர். தகடு 16 கேஜ் இரும்பு, ஒன்றரை மில்லி கனம். நாக்அவுட் பஞ்ச் வைத்து வெட்டினால் பிசிறே இருக்காது என்று படித்திருந்தேன். நடுவில் போல்ட், ஒரு பக்கம் வெட்டும் பஞ்ச், மறுபக்கம் அதைத் தாங்கும் டை. ஸ்பானரால் முறுக்க முறுக்கத் தகடு அட்டை மாதிரி அறுபடும். 2 இன்ச் பஞ்ச் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் பிடித்தேன். மிச்ச அரைக்கால் இன்ச்சை அரத்தால் ராவிக்கொள்ளலாம் என்று கணக்கு.

ஓட்டை அவ்வளவு அழகாக வந்தது, போட்டோகூட எடுத்தேன். சாக்கெட்டை வைத்துப் பார்த்தால் சுற்றிலும் மூன்றரை மில்லிக்கு மேல் சந்து! அளந்தேன், 61 மில்லி. டையைத் திருப்பிப் பார்த்தேன், 2 என்றுதான் இருந்தது. யாராவது விளக்குங்களேன்.

கோவை பேனல்காரர்:

தம்பி, கோவிச்சுக்காதீங்க, சிரிச்சுட்டேன். அது பைப் சைஸ். ஒயர் போற 2 இன்ச் கான்டியூட் பைப்பை மாட்டுற ஓட்டைக்கான பஞ்ச் அது. பைப்போட பேரு உள் அளவை ஒட்டி வந்தது, ஆனா ஓட்டை வழியா போறது வெளி மரை. அதனால ஓட்டை 2.4 இன்ச் வரும். அரை இன்ச் பஞ்ச் போட்டா முக்காலே அரைக்கால் இன்ச் ஓட்டை. பேனல் போர்டு பட்டறைல சேர்ந்த முதல் மாசம் நான் வாங்கின திட்டு இதுக்குத்தான். ஒன்றரை இன்ச் பஞ்ச் எடுத்திருந்தாலும் 50 மில்லிகூட வராது. உங்க ரெண்டே அரைக்காலுக்கு ஹோல் சாதான் வழி, டிரில்லுல மாட்டி வட்டமா அறுக்குற கிண்ண ரம்பம்.

பைமெட்டல் வாங்குங்க, ரெண்டு உலோகத்தைச் சேர்த்துப் பண்ணினது, இரும்பை அறுக்கும். வேகம் நிமிஷத்துக்கு 150 சுத்தை ஒட்டி இருந்தா போதும், அவசரப்பட்டு அழுத்தினா பல்லு நீலமாயிடும். கட்டிங் ஆயில் விட்டு விட்டு ஓட்டுங்க. தகட்டுக்குக் கீழே பிளைவுட் வச்சு, ரெண்டையும் சேர்த்து கிளாம்ப் போடுங்க. சாவோட நடுவுல இருக்குற டிரில் பிட்டுக்குப் பிடிமானம் அந்தக் கட்டைதான். கட்டை இல்லைன்னா பிட் தகட்டைத் தாண்டினதும் ஓட்டை பெருசாகி சா ஆட ஆரம்பிக்கும், ஒரு பல்லு மாட்டினா தகடு ஹெலிகாப்டர் மாதிரி சுத்தும். என் இடது கட்டைவிரல்ல தழும்பு இருக்கு. துணிக் கையுறையும் வேண்டாம், சுத்துற பிட்டு அதையும் இழுத்துக்கும்.

ஸ்குரூ ஓட்டைக்கு ஒரு கைவேலை: மெல்லிசு தகட்டுல பெரிய டிரில் பிட் விட்டா ஓட்டை முக்கோணமாத்தான் வரும். பழைய பனியன் துணியை நாலா மடிச்சு, பிட்டுக்கும் தகட்டுக்கும் நடுவுல வச்சு மெதுவா ஓட்டுங்க. வட்டமா வரும். துணியைக் கையால பிடிக்காதீங்க.

நியூஜெர்சிக்காரர்:

54 மில்லி என்றதும் ஞாபகம் வந்தது. இங்கே கதவுப் பூட்டுக்குப் போடும் ஓட்டையும் அதே 2⅛ இன்ச்தான். பூட்டு செட்டோடு வரும் ஹோல் சா வீட்டில் கிடந்ததே என்று அதை என் இரும்புப் பெட்டியில் வைத்தேன். அது மரத்துக்கானது. கருகல் வாசனை வந்தது, பல் எல்லாம் போனது, தகட்டில் ஒரு வட்டக் கோடு மட்டும் மிச்சம்.

பைமெட்டல் வாங்கி முடித்த பிறகு இன்னொரு கூத்து. இரும்புத் துகள் பெயின்டில் ஒட்டியிருந்தது தெரியவில்லை. இரண்டு மழை கழித்துப் பெட்டி முழுக்க ஆரஞ்சுப் புள்ளி. இப்போதெல்லாம் வெட்டும் இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப், முடிந்ததும் பிளாஸ்டிக் பைக்குள் காந்தத்தைப் போட்டுத் தடவுவேன். பையை உட்புறமாகத் திருப்பி உருவினால் துகள் மொத்தமும் அதற்குள். வெட்டின விளிம்பை ராவித் துத்தநாக பெயின்ட் அடிக்க மறக்காதீர்கள். பிரேக்கர் மாட்டும் பெட்டிக்குள் ஒரு துகள்கூட இருக்கக் கூடாது.

டெக்சாஸ்வாசி:

புதுத் தகடு, புது ஹோல் சா. கோவை அண்ணன் சொன்னபடி கட்டை வைத்து, எண்ணெய் விட்டு, நிறுத்தி நிறுத்திப் பத்து நிமிஷம் ஆனது. பஞ்ச் அளவுக்கு வழவழப்பு இல்லை, உள் விளிம்பில் பிசிறு இருந்தது, அரை வட்ட அரத்தில் போய்விட்டது. சாக்கெட் கச்சிதமாக உட்கார்ந்தது. பனியன் துணி வேலையைப் பார்த்த எலக்ட்ரீஷியன், "இது எங்கே கற்றது?" என்று கேட்டார். கோயம்புத்தூர் என்றேன், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பழைய தகடு கராஜில் சாய்ந்து கிடக்கிறது. 2 இன்ச் பைப் போடும் வேலை யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள், ஓட்டை தயார்.