மறு: ஷாக் அப்சார்பர் – ‘தணிப்பி’ என்று வைத்துக்கொள்ளலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். வண்டியின் ஷாக் அப்சார்பருக்குத் தமிழில் ‘தணிப்பி’ என்று வைக்கலாமா என்ற நம் குழுப் பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘அதிர்வு உறிஞ்சி’ ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது, எல்லோருக்கும் புரிகிறது. அதை ஏன் கலைக்க வேண்டும்?

புரிகிறது என்பதில்தான் எனக்குச் சந்தேகம், ஐயா. பட்டறையில் ‘ஷாக்’ என்றுதான் பேச்சு. கட்டுரையில் மட்டும் வாழும் இந்தச் சொல் அங்கேயும் வேலையை மாற்றிச் சொல்கிறது. சக்கரம் கல்லில் ஏறும்போது விழும் அடியை உள்வாங்குவது சுருள்வில், வண்டியின் எடையைச் சுமப்பதும் அதுதான். ஆனால் வில் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும், விட்டால் வண்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்கத்தான் ஷாக்: பிஸ்டனில் உள்ள வால்வுகள் வழியாக எண்ணெயைப் பிதுக்கி, அசைவை வெப்பமாக்கி வெளியே விடுகிறது.

சொல் குழம்பினால் பணமும் வீணாகிறது. சுசூகியின் சிறிய நான்குசக்கர இயக்க வண்டியான ஜிம்னிக்கு 50 மி.மீ. லிஃப்ட் போட (அதாவது வண்டியை அவ்வளவு உயர்த்த) நினைக்கும் பலர் முதலில் ஷாக் விலையைத்தான் விசாரிக்கிறார்கள், நல்ல ஷாக் போட்டால் வண்டி உயரும் என்ற நம்பிக்கையில். ஜிம்னியில் முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு), வில் தனி, ஷாக் தனி, உயர்த்துவது வில். (ஆக்சிலில் உள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃப்புக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி அப்போதும் அதிகமாகாது, அதற்குப் பெரிய டயர்தான் வழி. இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.) ஆகவே வண்டியில் நிரந்தரமாக ஏறப்போகும் எடை எவ்வளவு, வின்ச் (கம்பிவட இழுவைக் கருவி) உண்டா, இரும்பு பம்பர் உண்டா என்று பார்த்து முதலில் வில்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஷாக் அதற்கப்புறம்.

ஷாக்கில் முதலில் பார்க்க வேண்டியது நீளம். வில்லைக் கழற்றிவிட்டு ஆக்சிலை முழுவதும் தொங்கவிட்டு ஓர் அளவு, பம்ப் ஸ்டாப்பில் (ஆக்சில் மேலே போய் இடிக்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) முட்டும் வரை மேலே தூக்கி இன்னோர் அளவு, இரண்டையும் ஷாக் மாட்டும் இடங்களுக்கு நடுவே எடுக்க வேண்டும். முழுவதும் நீண்ட நிலையில் ஷாக் போதாமல் போனால் சக்கரம் தொங்கும்போதெல்லாம் ஆக்சிலின் எடை அதன் மேல் விழுந்து மாட்டும் இடமே பிய்ந்துவிடலாம். சுருங்கிய நிலையில் அது நீளமாக இருந்தாலோ, பம்ப் ஸ்டாப் வேலை செய்வதற்கு முன்பே ஷாக் உள்ளுக்குள் முட்டிக் கெட்டுப்போகும். சரி, இருப்பதிலேயே நீளமானதைப் போட்டுவிடலாமே என்றால் பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய்க் குழாய்) இழுபடும், வில் தான் உட்காரும் இடத்தை விட்டு நழுவும். இந்த இரண்டு அளவுகளுக்கும் ‘விரிநீளம்’, ‘ஒடுங்குநீளம்’ என்று வைக்கலாம் என்பது என் யோசனை. வினைத்தொகை, சொல்லும்போதே படம் வந்துவிடுகிறது.

அடுத்தது தடை. ஷாக் அமுங்கும்போது ஒரு தடை, விரியும்போது வேறு தடை, பொதுவாக விரியும்போதுதான் அதிகம். ‘அமுங்குதடை’, ‘விரிதடை’ எனலாம். லிஃப்டுக்காகக் கடினமான வில் போட்டுவிட்டுப் பழைய ஷாக்கையே விட்டால் விரிதடை போதாது, ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்பக்கம் எகிறும். அதற்குப் பயந்து விரிதடையை அளவுக்கு மீறி ஏற்றினாலும் கேடுதான். ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் சாலை மாதிரி வரிவரியாக மேடு விழுந்த மண்சாலையில், அடுத்த மேடு வருவதற்குள் ஷாக் விரிய நேரம் கிடைக்காமல் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து உட்கார்ந்துவிடும். அந்தச் சாலையில் எண்ணெய் சூடேறி நுரைப்பதும் உண்டு. நைட்ரஜன் அடைத்த ஒற்றைக்குழல் ஷாக் சூட்டை நன்றாக வெளியேற்றும், ஆனால் கல் பட்டு வெளிக்குழல் நசுங்கினால் பிஸ்டனே சிக்கிக்கொள்ளும். குழலுக்குள் குழல் வைத்த இரட்டைக்குழல் அந்த அடியை ஓரளவு தாங்கும். கல்லும் பாறையுமான இடத்துக்கே அதிகம் போகிறவருக்கு நான் இரட்டைக்குழல்தான் சொல்வேன்.

இனி முதன்மைச் சொல். ‘அதிர்ச்சி உறிஞ்சி’ பக்கமே போக வேண்டாம், கரண்ட் அடித்தவருக்கு வைத்தியம் பார்க்கும் கருவி போல ஒலிக்கிறது. சொல்லின் முன்னே சேர்க்க வேண்டியது அதிர்வா, அலைவா என்ற கேள்விக்கு இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். வண்டியின் உடல் விநாடிக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 முறை ஆடும், அது அலைவு. சக்கரமும் ஆக்சிலும் விநாடிக்குப் பத்து முறைக்கு மேல் துடிக்கும், அது அதிர்வு. ஒரே ஷாக் இரண்டையும் அடக்குகிறது, எனவே முன்னொட்டே இல்லாமல் ‘தணிப்பி’. மின்தேக்கி, மின்மாற்றி வரிசையில் உட்காரும்.

> பதினோராம் வகுப்புப் பாடநூலில் ‘தடையுறு அலைவு’ இருக்கிறதே, ‘தடைப்பி’ எனலாமே?

பாடநூலில் அது பொருத்தமே. கருவிக்கு வைத்தால் பிரேக்கோடு குழம்பும். ‘ஒடுக்கி’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார், அது ஒடுங்குநீளத்தோடு இடிக்கும்: ‘ஒடுக்கியின் ஒடுங்குநீளம்’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

எனக்கு இன்னும் பிடிபடாதது பம்ப் ஸ்டாப். ‘முட்டுக்கட்டை’ பொருளில் சரி, ஆனால் அரசியல் செய்தி வாசிப்பது போலிருக்கிறது. ‘முட்டுதாங்கி’ என்று தற்காலிகமாக எழுதி வருகிறேன். லாரிப் பட்டறைப் பழக்கம் உள்ளவர்கள் யாராவது குழுவில் இருந்தால், அந்த ரப்பர் கட்டையை அங்கே என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று எழுதுங்கள்.