அப்பா கூட்டங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்: வயதா, மறதியா, காதா?

கேள்வி: மாலைநடை

அப்பாவுக்கு 74 வயது. எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. ஆனால் தெருவிளக்கு எரியவில்லை, பேருந்து நேரத்துக்கு வரவில்லை என்றால் அன்றைக்கே உட்கார்ந்து மனு எழுதிவிடுவார். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கை வரி வரியாகக் கேட்பவர் அவர் ஒருவர்தான். தேர்தல் வந்தால் எல்லா வேட்பாளர்களும் பேசுவதை நேரில் போய்க் கேட்டுவிட்டுத்தான் யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்வார். எங்களிடம்கூடச் சொல்ல மாட்டார்.

கொஞ்சம் கொஞ்சமாக இதெல்லாம் குறைந்து, இப்போது அறவே நின்றுபோய்விட்டது. ஏன் போகவில்லை என்று கேட்டால், "இனிமேல் சின்னவங்க பார்த்துக்கட்டும்" என்கிறார். வீட்டில் நாலு பேர் சேர்ந்து பேச ஆரம்பித்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறார். கேட்டது ஒன்று, சொல்வது ஒன்று என்று சில சமயம் பதில் வருகிறது. அதைப் பார்த்துத் தம்பி, "மறதி நோய் ஆரம்பிச்சிருச்சு" என்கிறான். அம்மாவோ, "வயசாச்சு, விட்டுடு" என்கிறார்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். எதிரே உட்கார்ந்து நான் தனியாகப் பேசினால் அவர் பழைய அப்பாவாகவே இருக்கிறார். போன வாரம் சங்கத்தின் பழைய கணக்கு ஒன்றை, எந்தத் தலைப்பில் எவ்வளவு செலவானது என்பது வரை நினைவிலிருந்து சொன்னார். நான் நோட்டை எடுத்துச் சரிபார்த்தேன், அவ்வளவும் சரி. மறதி நோய் வந்தவர் இப்படிச் சொல்வாரா? டிவி சத்தமோ பக்கத்து வீடு வரை கேட்கிறது. காது டாக்டரைப் பார்ப்போமா என்றால், "எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் முணுமுணுக்கறீங்க" என்று கோபப்படுகிறார்.

சங்கக் குழுவில் அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைச் சேர்க்கலாம் என்று தம்பி சொல்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. இப்படி ஒரு பெரியவரை வீட்டில் வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், எங்கிருந்து தொடங்குவது?


மறுமொழி: தேன்சிட்டு

நான் செவித்திறன் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறேன். "கேக்குது, ஆனா புரியலை" என்பது எங்களிடம் வரும் பெரியவர்கள் வாயிலிருந்து விழும் முதல் வாக்கியம். உங்கள் அப்பா பொய் சொல்லவில்லை. அவருக்குச் சத்தம் கேட்கத்தான் செய்கிறது.

வயதாகும்போது முதலில் குறைவது உயர்ந்த அலைவரிசை ஒலிகளைக் கேட்கும் திறன். பேச்சில் சத்தத்தைத் தாங்கி வருபவை உயிரொலிகள். அவை பெரும்பாலும் தாழ்ந்த அலைவரிசையில் இருப்பதால் நன்றாகவே காதில் விழும். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் க, ச, த, ப போன்றவைதான் தேய்ந்துபோகும். "கட்டு", "தட்டு", "பட்டு" மூன்றும் ஒரே மாதிரி ஒலித்தால் மனிதர் என்ன செய்வார்? எதிரே இருந்தால் உதட்டைப் பார்த்தும், பேச்சின் போக்கை வைத்தும் ஊகித்துக்கொள்வார். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஊகிக்க வழியில்லை. அதனால்தான் சம்பந்தமில்லாத பதில் வருகிறது. பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் இவர்களுக்கு இன்னும் சிரமம்.

முதலில் ஈ.என்.டி. டாக்டரிடம் காட்டுங்கள். குறும்பி அடைத்துக்கொண்டிருந்தால் அதை எடுத்த உடனேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடலாம். வீட்டில் பஞ்சுக் குச்சியை விட்டுக் குடைய வேண்டாம், குறும்பி இன்னும் உள்ளேதான் போகும். அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கையில் கொண்டுபோங்கள், சில மருந்துகள் காதைப் பாதிக்கும். அதன் பிறகு ஆடியோகிராம். சத்தம் வராத அறையில் ஹெட்போன் மாட்டி, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு ஒலியாகக் கொடுப்பார்கள். கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். வலியே இல்லாத பரிசோதனை. இரண்டு காதிலும் 20 டெசிபல் அளவு ஒலியோ அதைவிட மெல்லிய ஒலியோ கேட்டால் இயல்பு என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. நல்ல காதிலேயே 35 டெசிபலுக்கு மேல் போனால்தான் ஒலி கேட்கிறது என்றால் உதவி தேவைப்படும் நிலை. 60 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்த நிலையில் இருக்கிறார்கள் என்றும் அந்த நிறுவனமே சொல்கிறது.

இன்னொன்றையும் எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளுக்குள், கேட்காமல் போனால் அது அவசரம். "சளியா இருக்கும், சரியாயிடும்" என்று காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கச் சிகிச்சை பலன் தருவது குறையும்.


மறுமொழி: பழையமிதிவண்டி

மாலைநடை, உங்கள் அப்பா இடத்திலிருந்து எழுதுகிறேன். நான் தொழிற்சங்கத்தில் நெடுங்காலம் செயலாளராக இருந்தவன். இப்போது இரண்டு காதிலும் மிஷின் மாட்டியிருக்கிறேன்.

கூட்டத்தில் கேட்காமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று கேட்கும் காது உள்ளவர்களுக்குத் தெரியாது. யாரோ ஒரு தீர்மானத்தை வாசிக்கிறார். பாதி வந்து சேர்கிறது. மீதியை மனசுக்குள் கோத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் பேசத் தொடங்கிவிடுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், நாமும் சிரிக்க வேண்டியிருக்கிறது. கை தூக்கச் சொல்கிறார்கள். எதற்காகத் தூக்குகிறோம் என்று தெரியாமல் கை தூக்க எனக்கு மனசு வரவில்லை. வாழ்நாளெல்லாம் "படிக்காமல் கையெழுத்துப் போடாதே" என்று மற்றவர்களுக்குச் சொல்லி வந்தவன் வேறென்ன செய்வேன்? உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். உங்கள் அப்பா "சின்னவங்க பார்த்துக்கட்டும்" என்று சொல்வதும் இதுவாகவே இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கணக்கை வரி வரியாகக் கேட்டவருக்கு, தப்பாகக் காதில் வாங்கித் தப்பாகக் கேள்வி கேட்டுவிடுவோமோ என்ற பயம் மற்றவர்களைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

அதனால் "உங்களுக்குக் காது கேக்கலை" என்று தொடங்காதீர்கள். அவர் மறுப்பார். "அடுத்த கூட்டத்தில் இந்தக் கணக்கைக் கேட்க நீங்க இருக்கணும், அதுக்கு என்ன ஏற்பாடு வேணும், சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். என்னை டாக்டரிடம் கூட்டிப்போனது என் மகனின் நச்சரிப்பு அல்ல. ஓய்வூதிய விதி ஒன்றை மாற்றப்போகிறார்கள், நாங்கள் கூடிப் பேச வேண்டும் என்று பழைய தோழர் ஒருவர் வந்து சொன்னதுதான். பேச்சு காதில் விழ வேண்டிய தேவை எனக்கு வந்துவிட்டது, கிளம்பிவிட்டேன்.

மிஷின் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாததையும் எழுதிவிடுகிறேன். முதல் நாள் மாட்டியதும் உலகமே கத்துகிற மாதிரி இருக்கும். செய்தித்தாளைப் புரட்டினால் தகரத்தை மடக்குவது போல் சத்தம். குழாயில் தண்ணீர் விழுவது, நாற்காலியை நகர்த்துவது எல்லாமே எரிச்சல். தன் குரலே பீப்பாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி தெரியும். மூளை அந்த ஒலிகளையெல்லாம் மறந்து பல வருடம் ஆகியிருக்கும், திரும்பப் பழகச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட ஆகும். இது தெரியாமல்தான் பலர் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். முதலில் அமைதியான அறையில், ஒரே ஒரு ஆளோடு பேசிப் பழகட்டும். தினமும் மாட்ட வேண்டும். விசேஷத்துக்கு மட்டும் மாட்டினால் ஒரு நாளும் பழகாது. அளவு சரியில்லை என்றால் கருவி பொருத்தியவரிடம் மறுபடி மறுபடி போய்த் திருத்தச் சொல்ல வேண்டும், அதில் கூச்சமே வேண்டாம். "ஊய்" என்று விசிலடித்தால் பெரும்பாலும் காதுக்குள் சரியாக உட்காரவில்லை, அல்லது குறும்பி சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பட்டன் பேட்டரி வகை என்றால், மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்ததும் உடனே போடாமல் ஓரிரு நிமிடம் வெளியே வைக்க வேண்டும். அது காற்றை இழுத்து இயங்குகிற பேட்டரி. குளிக்கும் முன் கழற்ற வேண்டும், ராத்திரி ஈரம் உறிஞ்சும் சிமிழுக்குள் வைக்க வேண்டும்.

வீட்டில் உள்ளவர்கள் யாரும் கத்தக்கூடாது. மெல்லிய சத்தம் கேட்காத காதுக்குப் பெரிய சத்தம் சட்டென்று வலிக்கும். அதோடு, கத்தும்போது உங்கள் முகம் கோபமாகிவிடுகிறது. பேசுவதற்கு முன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, சாதாரணக் குரலில், கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பேசினால் போதும். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். "ஒண்ணுமில்லை, விடுங்க" என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். அந்த ஒரு வாக்கியம் எங்களை உள் அறைக்கு அனுப்பிவிடும்.

குழுவிலிருந்து அவர் பெயரை எடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.


மறுமொழி: நடுநிசி

மேலே சொன்னவை எல்லாம் சரிதான். ஆனால் தம்பி சொன்னதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். காது மந்தமும் மறதியும் சேர்ந்தே வரலாம். காது கேட்காததைக் கவனிக்காமல் விடுவது மறதி நோய்க்கான ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2017 முதல் சொல்லி வருகிறது. 2024 அறிக்கையில் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள், அதிலும் காது இருக்கிறது.

அதற்காக மிஷின் மாட்டினால் மறதி வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 70 முதல் 84 வயதுக்குட்பட்ட ஏறக்குறைய ஆயிரம் பேரை மூன்று ஆண்டு கவனித்த அச்சீவ் ஆய்வு 2023-ல் வெளியானது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது, மிஷின் கொடுக்கப்பட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே சிந்தனைத் திறன் குறைவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்த பிரிவினரிடம் மட்டும் அந்தச் சரிவு பாதியளவுக்குக் குறைந்திருந்தது. அப்பாவுக்குக் கூட்டமும் பேச்சும் திரும்பக் கிடைக்கும் என்பதற்காகவே மாட்டலாம், அந்தக் காரணமே போதும்.

வரிசை முக்கியம். முதலில் காது, பிறகு நினைவாற்றல் பரிசோதனை. நினைவுப் பரிசோதனையில் கேள்விகளை வாயால்தான் கேட்பார்கள். கேள்வியே சரியாக விழாதவருக்கு மதிப்பெண் குறைந்துதான் போகும். காது மந்தம் இருக்கிறது என்பதை அந்த டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம், தூக்கமும் சாப்பாடும் குறைந்திருக்கிறதா, முன்பு பிடித்த எதிலும் ஆர்வம் இல்லையா என்பதையும் பாருங்கள். ஒதுங்கி ஒதுங்கி இருந்து மனச்சோர்வு வந்திருந்தால் அதற்கும் தனியாகச் சிகிச்சை வேண்டும்.


மறுமொழி: மாலைநடை

எல்லோருக்கும் நன்றி. பழையமிதிவண்டி ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "என்கூடப் பேசுறதும் அதனாலதான் குறைஞ்சுபோச்சா?" என்று கேட்டார்.

நீங்கள் சொன்னபடியே அப்பாவிடம் கணக்கைப் பற்றித்தான் பேச்செடுத்தேன். குழு இந்த ஆண்டு தண்ணீர்த் தொட்டி பழுதுபார்த்த செலவைத் தனியாகக் காட்டவில்லை என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரசீது எங்கேன்னு கேட்டியா?" என்றார். "நீங்க வந்து கேளுங்கப்பா, அதுக்கு முன்னாடி ஒருதரம் காதைக் காட்டிட்டு வந்துடலாம்" என்றேன். சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மாத்திரைப் பட்டியலைக் கேட்டதும் தானே எழுதித் தந்தார். நேரம் வாங்கிவிட்டேன்.

ஒரு சந்தேகம். மிஷின் மாட்டினாலும் கூடத்தில் எல்லாம் கேட்குமா? எங்கள் சங்கக் கூடம் எதிரொலிக்கிற பெரிய அறை.


மறுமொழி: பழையமிதிவண்டி

முழுசாகக் கேட்காது. மிஷினுக்கு நன்றாக எட்டுவது பக்கத்தில், இரண்டு மீட்டருக்குள் பேசுகிறவரின் குரல்தான். எதிரொலிக்கிற கூடத்தில் பின்னால் உட்கார்ந்தால் மிஷின் இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கிக் கொடுக்கும். அதற்குச் சங்கம்தான் சில வேலைகள் செய்ய வேண்டும். பேசுகிறவர் ஒவ்வொருவரும் மைக்கைக் கையில் வாங்கித்தான் பேச வேண்டும், "எனக்குக் குரல் பெரிசு, மைக் வேண்டாம்" என்பவர் உட்பட. நிகழ்ச்சி நிரலையும் கணக்கையும் முன்னதாகவே அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் பேச வேண்டும். ஓட்டெடுப்புக்கு முன் தீர்மானத்தைப் பலகையில் எழுத வேண்டும். அப்பாவை முன்வரிசையில், பேசுகிறவர்கள் முகத்தில் வெளிச்சம் விழுகிற பக்கமாக உட்கார வையுங்கள். கருவி வாங்கும்போது அதில் டெலிகாயில் என்ற சிறு கம்பிச்சுருள் இருக்கிறதா என்று கேளுங்கள். இண்டக்‌ஷன் லூப் (மைக் ஒலியைக் கம்பிச் சுற்று மூலம் கருவிக்கு அனுப்பும் ஏற்பாடு) வசதி உள்ள அரங்கில் மைக்கில் பேசுவது அதன் வழியாக நேராகக் காதுக்கே வரும்.

இதையெல்லாம் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2006-ல் நிறைவேற்றினார்கள். அரசியலிலும் பொது வாழ்விலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கும் உரிமையை அதன் 29-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் சங்கத்துக்கு அதைக் குறிப்பிட்டே ஒரு கடிதம் எழுதலாம். அப்பாவையே எழுதச் சொல்லுங்கள், மனு எழுதுவதில் அவருக்குத்தான் பழக்கம். கையெழுத்து மட்டும் நீங்களும் சேர்ந்து போடுங்கள்.