மதர்போர்டு பின்பக்கத் தகடு இல்லாம ஓட்டலாமா?

தங்கச்சிமடம் ஜெராக்ஸ்:
வணக்கம். கடைக்குப் பழைய மதர்போர்டு ஒண்ணு வாங்கினேன். பின்னாடி யுஎஸ்பி, லேன் எல்லாம் எட்டிப் பார்க்குற இடத்துல கேஸ்ல ஒரு தகடு மாட்டுவாங்களே, ஐஓ ஷீல்டு, அது கூட வரலை. கேட்டா "அது சும்மா அழகுக்குத்தான்"னு சொல்லிட்டாரு வித்தவர். கடையில இருந்து கடல் நடந்து போற தூரம். அப்படியே ஓட்டலாமா?

மதுரை வாசி:
தாராளமா ஓட்டலாம். என் சிஸ்டம் நாலு வருஷமா தகடு இல்லாமத்தான் ஓடுது. ஆன் ஆகுறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

பாம்பன் சர்வீஸ்:
அண்ணன் சொல்றது மதுரைக்குச் சரி. நம்ம கரைக்கு நான் ஒத்துக்க மாட்டேன் தம்பி. பதினோரு வருஷமா பாம்பன், மண்டபம் பக்கம் சிஸ்டம் பார்க்குறேன். போன ஆடியில தகடு இல்லாத சிஸ்டம் ஒண்ணு வந்துச்சு. ஒரு நாள் டிஸ்ப்ளே வரும், ஒரு நாள் வராது. ரேமைக் கழட்டி ரப்பர் போட்டுத் தேய்ச்சுக் குடுத்தேன், மூணே நாள்ல திரும்ப வந்துருச்சு. அப்புறம் போர்டையே கழட்டினேன். யுஎஸ்பி போர்ட்டுக்குப் பின்னாடி சாலிடர் கால்ல எல்லாம் பச்சைக் களிம்பு. சூட்டை இழுக்குற ஹீட்சிங்க் இடுக்குல பல்லி முட்டை ரெண்டு. போர்டு மேல இருந்த புழுதி, விரல் வச்சா பிசுபிசுன்னு ஒட்டுது. அதுல இருக்கிறது உப்பு. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டிட்டா உப்பு தானா தண்ணியை இழுத்துக்கும், அந்த ஈரம் கரண்டைக் கடத்தும். கச்சான் காத்து அடிச்சா மணலும் சேர்ந்து வரும்.

தகடு போட்டா உப்பே வராதான்னா, வரும். கேஸ்ல வேற ஓட்டையும் இருக்கு. ஆனா உங்க கேஸ்ல பின்னாடி ஃபேன் மட்டும் இருந்தா, அது காத்தை வெளிய தள்ளத் தள்ள, பக்கத்துலயே இருக்குற இந்தப் பெரிய ஓட்டை வழியாத்தான் உள்ள இழுக்கும். அதான் எனக்குப் பயம். தகட்டுல இருக்குற நாக்குங்க போர்ட்டோட இரும்பைத் தொட்டு கேஸோட சேர்க்கும், எர்த்துக்கும் மின் இரைச்சல் வெளிய போகாம இருக்கவும் அது உதவும். கடைக்கு அது ரெண்டாம்பட்சம்.

தங்கச்சிமடம் ஜெராக்ஸ்:
அண்ணே, இந்த மாடலுக்குத் தகடு எங்கயும் கிடைக்கலையே?

பாம்பன் சர்வீஸ்:
வெளி அளவு எல்லா ஏடிஎக்ஸ் கேஸுக்கும் ஒண்ணுதான், 158.75க்கு 44.45 மில்லிமீட்டர். ஏடிஎக்ஸ்ங்கிறது போர்டு, கேஸ் அளவுக்காக 1995ல இன்டெல் கொண்டு வந்த அமைப்பு. உள்ள போர்ட்டுக்கு விடுற ஓட்டைதான் போர்டுக்குப் போர்டு மாறும். அதனால வேற தகடு வாங்கி நெளிக்காதீங்க. கெட்டியான பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில போர்ட்டுகளை வரைஞ்சு, பிளேடால வெட்டி, உள்பக்கமா டேப் போட்டு ஒட்டுங்க. தகரம் வேண்டவே வேண்டாம், பிசிறு யுஎஸ்பிக்குள்ள போனா ஷார்ட் ஆயிரும். கம்பெனித் தகடு மாட்டும்போதே நாக்கு லேன் போர்ட்டுக்குள்ள மடங்கிப் போயிரும், நானே ரெண்டு தடவை பார்த்திருக்கேன். முடிஞ்சா முன்னாடி ஃபில்டரோட ஒரு ஃபேன் போட்டு உள்ள ஊத விடுங்க.

தங்கச்சிமடம் ஜெராக்ஸ்:
அளந்தேன், நீங்க சொன்ன அளவுதான். பின்னாடி ஃபேன் மட்டும்தான் இருக்கு. சாமி படத்துக்கு ஏத்துன ஊதுபத்தியை எடுத்து பின்னாடி காட்டினேன். புகை நேரா அந்த ஓட்டைக்குள்ள போகுதுண்ணே. சாயங்காலம் கடை சாத்தினதும் அட்டையை வெட்டிடுறேன்.