வீ.ஈ. ரேபிள் லொக்கில் சரியாக நிற்கிறது, ஆனால் பிளக் கரியாகிறது: அவசர உதவி

110_காரன்
அண்ணாமார், சனிக்கிழமை புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். வைட்பாண்ட் (புகையை வைத்து ஏ.எஃப்.ஆர்., அதாவது காற்று-பெற்றோல் விகிதம் அளக்கும் சென்சர்; எண் குறைந்தால் பெற்றோல் அதிகம்) வைத்து லொக் (ஓட்டப் பதிவு) எடுத்து, அதை வாசிக்கும் மெகாலொக்வியூவர் மென்பொருளில் நானே ஒரு ஃபோர்முலா எழுதி வீ.ஈ. ரேபிளை (எஞ்சின் எத்தனை வீதம் காற்றால் நிரம்புகிறது என்று எஞ்சின் கணினியான ஈ.சி.யூ.வுக்குச் சொல்லும் அட்டவணை, பெற்றோல் அளவு இதன்படிதான்) திருத்தினேன்.
புதிய வீ.ஈ. = பழைய வீ.ஈ. × (லொக் ஏ.எஃப்.ஆர். ÷ இலக்கு ஏ.எஃப்.ஆர்.)
லொக்கில் எல்லாம் இலக்கிலேயே நிற்கிறது. பிளக் மட்டும் கரி. சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டால் மை ஒட்டுகிறது. லீட்டருக்கு 12 ஓடிய வாகனம் இப்போது 10தான். ஃபோர்முலாவில் என்ன பிழை?

கொட்டாஞ்சேனை_ஸ்பானர்
என்ன எஞ்சின், என்ன ஈ.சி.யூ., என்ன வைட்பாண்ட், எத்தனை சி.சி. இன்ஜெக்டர்? ஒன்றுமே சொல்லவில்லையே தம்பி.

பஞ்சிகாவத்தை_பாய்
இன்ஜெக்டர் ஒழுகுகிறது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் வாங்கியதா? "ரீகண்டிசன்" என்று சொல்லித் தருவதில் பாதி கழுவிய பழசு. எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிஷம் பெற்றோல் பிரஷரைப் பாருங்கள், விழுந்தால் அதுதான்.

டைனோ_மாமா
ஃபோர்முலா தலைகீழ் இல்லை. தலைகீழாகப் போட்டிருந்தால் திருத்தத் திருத்த இலக்கை விட்டு விலகியிருக்கும். ஆனால் லொக் எடுக்கும்போது ஈ.ஜி.ஓ. கரெக்‌ஷன் ஓடியதா? ஓடியிருந்தால் ஈ.சி.யூ. தானே பெற்றோலைக் கூட்டிக் குறைத்து இலக்குக்குக் கொண்டுவந்துவிடும், லொக்கில் எல்லாம் அழகாகத்தான் தெரியும். கடைசியில் × (ஈ.ஜி.ஓ. ÷ 100) சேர்க்க வேண்டும். இதெல்லாம் முதல் பக்கத்திலேயே இருக்கிற விஷயம். இப்போது யாரும் வாசிப்பதில்லை, நேரே கேள்விதான்.

110_காரன்
ஈ.ஜி.ஓ. நிறுத்தித்தான் லொக் எடுத்தேன் மாமா. 110 கொரோலா, 5ஏ-எஃப்.ஈ. எஞ்சின், ஸ்பீடுயினோ ஈ.சி.யூ., இன்ஜெக்டர் கம்பனியோடு வந்தது. கூலன்ட் 75க்கு மேல் உள்ள வரிகளை மட்டும் எடுத்தேன். ரேபிளில் உச்ச செல் 104 வந்திருக்கிறது, முன்பு 86.

எக்செல்_பிள்ளை
எங்கே ஓட்டி லொக் எடுத்தீர்கள்? காலி வீதியா? வெள்ளவத்தை நெரிசலில் எடுத்த லொக் வைத்து ரேபிள் திருத்த முடியாது. மனிபோல்டில் இருக்கும் காற்று வெப்ப சென்சர் அங்கேயே வெந்து 58 காட்டும், உள்ளே போகும் காற்று அவ்வளவு சூடு இல்லை. அடுத்தது தாமதம். ஐடிலில் புகை சென்சருக்கு வந்து சேர்வதற்குள் கால் வேறு இடத்தில் இருக்கும், ஒரு செல்லின் ஏ.எஃப்.ஆர். பக்கத்துச் செல்லில் விழும். த்ரொட்டில் அசையும் வரிகளையும், காலை எடுத்ததும் பெற்றோல் வெட்டுப்படும் வரிகளையும் தூக்கிவிடுங்கள். அதிகாலையில் கொட்டாவையில் அதிவேகப் பாதையில் ஏறி கஹதுடுவ வரை ஒரே வேகத்தில் போய் எடுங்கள்.

டைனோ_மாமா
பிள்ளை, சென்சர் அதிகச் சூடு காட்டினால் ஈ.சி.யூ. பெற்றோலைக் *குறைக்கும்*. 30க்குப் பதில் 58 என்றால் 8 வீதத்துக்கு மேல் குறையும். அவருக்குக் கரி வருகிறது. திசையே மாறிப் போயிற்று. நான் சொல்கிறேன், இன்ஜெக்டர் டெட் டைம் (மின்சாரம் வந்த பிறகு இன்ஜெக்டர் திறக்கப் பிடிக்கும் நேரம்). ஐடிலில் பல்ஸ் (இன்ஜெக்டருக்கு மின்சாரம் கொடுக்கும் நேரம்) 2.5 மில்லிசெக்கன் என்றால் 0.3 பிழை 12 வீதம்.

எக்செல்_பிள்ளை
அப்போ 12 மில்லிசெக்கன் பல்ஸில் அதே 0.3 வெறும் 2.5 வீதம். அவருக்கு லோடிலும் கரிதானே? டெட் டைம் எப்படிப்பட்டதாக இருந்தாலும் லொக்கும் மாறும், கரியும் மாறும். லொக் சரி, கரி பிழை என்பதை அது விளக்காது.

பஞ்சிகாவத்தை_பாய்
92ஐ விட்டு 95 அடித்துப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை_ஸ்பானர்
ஒக்டேன் என்பது நொக்கை (சிலிண்டருக்குள் பெற்றோல் தானாக வெடிப்பதை) தாங்குவது பாய், கரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் 104 என்பதைப் பாருங்கள். டர்போ இல்லாத ஸ்டொக் எஞ்சினில் 100க்கு மேல் வீ.ஈ. வராது.

எக்செல்_பிள்ளை
வரும். இன்டேக் குழாயின் நீளம் சரியாக அமைந்தால் அழுத்த அலை திரும்பி வந்து, வால்வு மூடும் நேரத்தில் காற்றைத் தள்ளிவிடும். நல்ல கேம் உள்ள பந்தய எஞ்சின்கள் 100ஐத் தாண்டுகின்றன.

டைனோ_மாமா
5ஏ-எஃப்.ஈ. பந்தய எஞ்சினா? வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை ஏற்றி இறக்கச் செய்த எஞ்சின் அது.

எக்செல்_பிள்ளை
நான் அதைச் சொல்லவில்லை, பொது விதியைச் சொன்னேன். தவிர, ரேபிளில் உள்ள 104 உண்மையான வீ.ஈ.யே இல்லை. இன்ஜெக்டர் ஓட்டத்தைக் கொஞ்சம் தவறாகக் கொடுத்தால் முழு ரேபிளும் மேலே ஏறும். அது வெறும் இலக்கம்.

கொட்டாஞ்சேனை_ஸ்பானர்
வெறும் இலக்கம் என்றால் அதை ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறோம்?

கராஜ்_ஆச்சி
சண்டைக்கு நடுவில் ஒரு சின்ன கேள்வி. தம்பி, வைட்பாண்ட் கேஜில் காட்டும் எண்ணும் லொக்கில் விழும் எண்ணும் ஒன்றா? எந்த மொடல்? அதை மட்டும் கேட்டும் சொல்லவில்லை.

110_காரன்
ஏ.ஈ.எம். எக்ஸ் சீரிஸ். ட்யூனர்ஸ்டூடியோ (ஈ.சி.யூ.வை அமைக்கும் மென்பொருள்) பட்டியலில் ஏ.ஈ.எம். என்று இருந்ததைத் தெரிவு செய்தேன். கேஜைப் பார்த்து ஓட்டவில்லை, லொக்கைத்தான்.

கராஜ்_ஆச்சி
அதுதான். கேஜ் அனுப்பும் வோல்றை ஈ.சி.யூ. ஏ.எஃப்.ஆர். ஆக மாற்றுகிறது. ஏ.ஈ.எம்.மின் பழைய கேஜில் ஏ.எஃப்.ஆர். = 2 × வோல்ற் + 10. எக்ஸ் சீரிஸில் 2.375 × வோல்ற் + 7.3125. பட்டியலில் பழையதைத் தெரிவு செய்திருந்தால், லொக் 14.7 சொல்வது 2.35 வோல்ற். எக்ஸ் சீரிஸில் அதே 2.35 என்பது 12.9. லோடில் லொக் 12.5 என்றால் 1.25 வோல்ற், உண்மையில் 10.3. உங்கள் ஃபோர்முலா பொய் எண்ணை நம்பி அங்கே 21 வீதம் பெற்றோல் ஏற்றியிருக்கிறது. 86ஐ 1.21ஆல் பெருக்குங்கள், அந்த 104 எங்கிருந்து வந்தது என்று தெரியும். எஞ்சினைச் சூடாக்கி ஐடிலில் கேஜைப் பாருங்கள்.
இன்னொன்று: கலிபரேஷனை (வோல்றை ஏ.எஃப்.ஆர். ஆக்கும் கணக்கை) மாற்றிவிட்டு இப்போதைய ரேபிளிலிருந்து தொடங்க வேண்டாம். திருத்துவதற்கு முன் சேமித்த ஃபைலைப் போடுங்கள். கேஜின் சிக்னல் தரை (எர்த்) வயரையும் ஈ.சி.யூ. சென்சர் தரையிலேயே கட்டுங்கள், வாகனத்தின் உலோக பொடியில் அல்ல. 0.1 வோல்ற் வித்தியாசமே 0.24 ஏ.எஃப்.ஆர்.

டைனோ_மாமா
நான் இதைச் சொல்லத்தான் வந்தேன்.

கொட்டாஞ்சேனை_ஸ்பானர்
டெட் டைம் என்றுதானே வந்தீர்கள் மாமா.

110_காரன்
கேஜில் 12.9. பழைய ஃபைல் போட்டேன். நன்றி ஆச்சி.

பஞ்சிகாவத்தை_பாய்
இன்ஜெக்டர் பிரஷர் பார்த்தீர்களா?

ரத்மலானை_ரியூனர்
110_காரன், எனக்கும் இதே கரி. என்னுடையது இன்னவேட் வைட்பாண்ட், 0 வோல்றில் 7.35, 5 வோல்றில் 22.39 என்று கொடுத்திருக்கிறேன், கேஜும் லொக்கும் 0.5 வித்தியாசம். தரை வயரை ஈ.சி.யூ.வில் எந்தப் பின்னில் கட்டினீர்கள்? படம் இருந்தால் போடுங்கள்.