ஆர்டரில் வேறொருவரின் முகவரி ஏறாமல் டேட்டாபேஸிலேயே தடுப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) டேட்டாபேஸ்தான் பயன்படுத்துகிறோம். வாடிக்கையாளர், முகவரி, ஆர்டர் என்று மூன்று டேபிள், ஒருவருக்குப் பல முகவரிகள் இருக்கலாம். ஆர்டரில் வாடிக்கையாளர் எண்ணுக்கும் முகவரி எண்ணுக்கும் தனித்தனியாக ஃபாரின் கீ (அந்த எண் மற்ற டேபிளில் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாடு) இருக்கிறது. ஆனாலும் ஒருவருடைய ஆர்டரில் இன்னொருவருடைய முகவரி ஏறிவிடுகிறது. இரண்டு எண்ணும் அந்தந்த டேபிளில் இருப்பதால் டேட்டாபேஸ் பேசாமல் விட்டுவிடுகிறது. வரிசையின் மதிப்புகளைச் சோதிக்கும் செக் கன்ஸ்ட்ரெய்ன்டுக்குள் இன்னொரு டேபிளை செலக்ட் செய்யவும் வழியில்லை. டிரிக்கர்தான் (டேபிளில் மாற்றம் நடக்கும்போது தானாக ஓடும் நிரல்) எழுத வேண்டுமா?

பதில் 1:
ஆமாம், ஆர்டரில் இன்சர்ட், அப்டேட் நடக்கும்போது முகவரி யாருடையது என்று பார்த்து, பொருந்தாவிட்டால் எர்ரர் கொடுத்துவிடுங்கள்.

பதில் 2:
டிரிக்கர் வேண்டாம். நாளைக்கு யாராவது முகவரி டேபிளில் வாடிக்கையாளர் எண்ணை மாற்றினால் அந்த டிரிக்கர் ஓடவே ஓடாது. சரி, அங்கேயும் ஒன்று எழுதினாலும், கமிட் ஆனதை மட்டும் காட்டும் ரீட் கமிட்டெட் நிலையில் இரண்டு டிரான்ஸாக்‌ஷன் (ஒன்றாகப் பதியும் மாற்றங்களின் தொகுப்பு) ஒரே நேரத்தில் ஓடும்போது ஒன்று செய்த மாற்றம் கமிட் ஆகும்வரை (உறுதியாகப் பதியும்வரை) மற்றதன் கண்ணில் படாது, லாக் எடுக்காவிட்டால் (வரிசைகளைப் பூட்டி வைக்காவிட்டால்) இரண்டுமே தேறிவிடும்.

முகவரி டேபிளில் வாடிக்கையாளர் எண், முகவரி எண் இரண்டையும் சேர்த்து ஒரு யூனிக் (அதே ஜோடி இரண்டாம் முறை வராது என்ற கட்டுப்பாடு) போடுங்கள். முகவரி எண்தான் ஏற்கனவே பிரைமரி கீ (வரிசையை அடையாளம் காட்டும் எண்) ஆயிற்றே என்று தோன்றும், ஆனால் அந்த யூனிக் இல்லாமல் இரண்டு காலமும் (column) சேர்ந்த ஃபாரின் கீயை போஸ்ட்கிரெஸ் ஏற்காது. அப்புறம் ஆர்டரிலிருந்து அந்த ஜோடியை நோக்கி ஒரு ஃபாரின் கீ. இனி எந்தப் பக்கம் மாற்றினாலும் டேட்டாபேஸே தடுக்கும்.

கேள்வி கேட்டவர்:
அருமை, நன்றி! கடையில் நேரில் வாங்கிக்கொள்ளும் ஆர்டர்களில் முகவரி காலியாக (நல், NULL) இருக்கும், பரவாயில்லையா?

பதில் 2:
பரவாயில்லை. ஜோடியில் ஒன்று காலியாக இருந்தாலே அந்தச் சோதனை நடக்காது. அதனால்தான் வாடிக்கையாளருக்கான பழைய ஃபாரின் கீயைத் தூக்கிவிடாதீர்கள், தூக்கினால் அந்த ஆர்டர்களில் இல்லாத வாடிக்கையாளர் எண்ணும் ஏறிவிடும். ஃபாரின் கீயில் மேட்ச் ஃபுல் (MATCH FULL) என்ற விருப்பத்தைப் போடவும் வேண்டாம், பாதி நல் உள்ள வரிசைகளை அது ஏற்காது.

பதில் 3:
ஏற்கனவே தப்பான வரிசைகள் இருப்பதால் இந்த ஃபாரின் கீயை நேரடியாகச் சேர்த்தால் எர்ரர் வரும். முதலில் நாட் வேலிட் (NOT VALID, பழைய வரிசைகளைச் சோதிக்காமல்) என்று சேர்த்துவிடுங்கள், புதிதாக வருவதெல்லாம் அன்றே சோதிக்கப்படும். பழையதை நிதானமாகச் சரிசெய்துவிட்டு அவற்றையும் சோதிக்கும் வேலிடேட் கன்ஸ்ட்ரெய்ன்ட் ஓட்டுங்கள், அது ஓடும்போது ஆர்டர்கள் பதிவாவது நிற்காது. ஆர்டர் பக்கத்துக் காலம்களுக்கு இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) நீங்கள்தான் போட வேண்டும், போஸ்ட்கிரெஸ் தானாகப் போடாது, இல்லாவிட்டால் ஒவ்வொரு முகவரியை அழிக்கும்போதும் ஆர்டர் டேபிள் முழுவதையும் தேடிக்கொண்டிருக்கும்.